வழிகாட்டி எழுதப் போனோம்!

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியில், பேருந்து சற்றே நின்று மூச்சுவாங்கிக்கொண்டு புறப்படும் ஊர் கண்ணமங்கலம். சாளரத்து ஓரம் அமர்ந்திருக்கும் பயணி தேநீர்க்கடையைப் பார்ப்பார், பூக்கடையைப் பார்ப்பார், தம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். மேற்கே தலையைத் திருப்பி, நீலத்திரை விரித்தாற்போல் நீண்டு கிடக்கும் சவ்வாது மலையைப் பார்ப்பவர் மிகச் சிலர். அவர்களை நாங்கள் குறைகூறுவதற்கில்லை. ஏனெனில், அந்த மலையடியிலேயே பிறந்து, அந்த மலைக்காற்றையே உண்டு வளர்ந்த நாங்களும் அதை அப்படித்தான் பார்த்து வந்தோம். பாராமலே இருந்து வந்தோம்!

எங்கள் படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்கு மலரொன்று வெளியிட முடிவாயிற்று. "நம் பகுதியைக் காண வருவோருக்குப் பயன்படுமாறு ஒரு வழிகாட்டிக் கட்டுரை எழுதுங்கள்" என்று தோழர்கள் எங்கள் ஐவரிடம் பொறுப்பை ஒப்படைத்தனர். எழுதுவதற்கா பஞ்சம்? ஒரே இரவில் எழுதி முடித்தோம். வானை முத்தமிடும் முகடுகள் வந்தன. வெள்ளிக் கம்பியென வீழும் அருவிகள் வந்தன. துள்ளும் மானும் தோகை மயிலும் வந்தன. வருக, காண்க, களிக்க என்று முடித்தோம். முடித்ததைப் படித்துப் பார்த்து நாங்களே மயங்கினோம்!

படிப்பகத்தில் நாள்தோறும் இதழ் படிக்க வரும் முதியவர் ஒருவர் உண்டு; ஓய்வு பெற்ற ஆசிரியர். கட்டுரையை முழுதும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அமைதியாகக் கேட்டார்: "தம்பி, மலைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்?"

ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பள்ளிப் பருவத்தில் அமிர்தி விலங்குக் காட்சிசாலைக்கு ஆசிரியர்களோடு சென்றதுண்டு. அவ்வளவே! காணாத மலைக்குக் கட்டியம் கூறியிருந்தோம். காணாததைக் கண்டதாக எழுதுவோரைப் பார்த்து நாள்தோறும் நகைக்கும் நாங்கள், அதே வேலையை அழகாகச் செய்து முடித்திருந்தோம்!

"வழிகாட்டி எழுதுவது புதுக்கலையன்று. நம் மலைக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படியுங்கள், பிறகு மலைக்குப் போங்கள், பிறகு எழுதுங்கள்" என்றார் முதியவர்.

அவர் குறித்தது மலைபடுகடாம். பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடிகள் கொண்டது, பெருங்கௌசிகனார் பாடியது. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையில் வாடி வரும் மற்றொரு கூத்தனுக்கு, செங்கண்மாவில் வாழ்ந்த நன்னனிடம் செல்லும் வழியைச் சொல்லுகிறான். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். சவ்வாது மலையின் தென்பால் உள்ள ஊர். பாட்டில் வரும் சேயாறு, இந்த மலையில் பிறந்து ஓடும் இன்றைய செய்யாறு.

அந்தப் பாட்டைத் திரும்பப் படித்தபோது எங்களுக்கு நாணம் மேலிட்டது. அந்தக் கூத்தன் வெறும் அழகை விற்கவில்லை. காட்டுப் பன்றிக்கு வைத்த பொறிகள் கிடக்கும், ஆகவே பகலில் போங்கள் என்கிறான். தினைப்புனம் காப்போர் கவண்கல் எறிவர், அது உங்கள் மேல் படாமல் பார்த்துச் செல்லுங்கள் என்கிறான். பாசி வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள்ளச் சொல்லுகிறான். வழி பிரியும் இடத்தில், பின்னால் வருவோர் திகைக்காமலிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள் என்கிறான். எந்தச் சிற்றூரில் யார் வாழ்கிறார்கள், என்ன விளைக்கிறார்கள், வந்தவர்க்கு என்ன உண்ணத் தருவார்கள் என்றெல்லாம் சொல்லுகிறான். நாங்கள் எழுதியதில் மான் இருந்தது, மயில் இருந்தது. மனிதன் இல்லை!

ஒரு வெள்ளிக்கிழமைக் காலை புறப்பட்டோம்.

முதலில் ஆற்றைத் தேடினோம். எங்கள் பகுதிக்கு உயிரூட்டும் நாகநதி, அமிர்திப் பக்கத்து மலைச்சரிவுகளில் ஊறித் திரண்டு வருகிறது. அதன் தோழியான கமண்டல நதி, படைவீட்டை ஒட்டி வருகிறது. அதன் குறுக்கே செண்பகத்தோப்பு அணை நிற்கிறது. இரண்டும் கூடிக் கமண்டல நாகநதி என்ற பெயரோடு ஆரணியைத் தொட்டு ஓடிச் செய்யாற்றில் கலக்கின்றன. செய்யாறு பாலாற்றில் சேருகிறது. பாலாறு கடலில் சேருகிறது.

கமண்டல நதி எப்படித் தோன்றிற்று? முனிவரின் கமண்டலம் கவிழ்ந்து தோன்றிற்று என்பது தலக்கதை. அதே கதையில்தான், கற்பில் ஐயம் கொண்ட கணவன் ஆணையிட, பெற்ற தாயின் தலையைப் பெற்ற மகனே கொய்கிறான். அந்தத் தாயின் பெயரால் படைவீட்டில் ஆடித்திங்களில் பெருங்கூட்டம் கூடுகிறது. கூடுவோரை நாங்கள் இகழவில்லை. அவர்கள் எங்கள் அக்கையர், எங்கள் அத்தையர். ஆயினும் கேட்கத் தோன்றுகிறது: தாயின் தலையைக் கேட்டவனின் பெயர் எதற்காகப் பெருமையோடு சொல்லப்படவேண்டும்?

ஆற்றின் கதையை நாங்கள் கண்ணால் கண்டோம். மலைமேல் பெய்த மழை பாறைப் பிளவில் இறங்கி, வேர்க்காலில் தங்கி, மெல்லக் கசிந்து ஓடையாகிறது. மரம் அழிந்தால் தங்கும் நீர் தங்காது, ஆறு மணலாகும். நாகநதி அப்படித்தான் நெடுங்காலம் வறண்டு கிடந்தது. பிறகு வேலூர் மாவட்டத்தில், ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கான பெண்கள் மண்வெட்டி ஏந்தி இறங்கினர். ஓடைகளின் குறுக்கே கற்களை அடுக்கி வெள்ளத்தின் வேகத்தைத் தணித்தனர். ஆற்றுப்படுகையில் செறிவூட்டுக் கிணறுகள் தோண்டி மழைநீரை மண்ணுக்குள் இறக்கினர். வறண்ட கிணறுகளில் நீர் எழுந்தது. கமண்டலத்திலிருந்து ஆறு வந்ததாகக் கூறும் கதைக்குக் கோயில் இருக்கிறது. கைகளால் ஆற்றை மீட்ட பெண்களுக்கு ஒரு கல்வெட்டாவது வேண்டாமா, தோழர்களே?

மறுநாள் போளூர் வழியாகப் பேருந்தேறி, வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதையில் ஜமுனாமரத்தூர் சென்றோம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு சவ்வாது மலை. மேற்குத் தொடர்ச்சி மலை போல நெடுஞ்சுவராக நில்லாமல், ஆறுகள் அறுத்த துண்டுகளாக நிற்பது கிழக்குத் தொடர்ச்சியின் இயல்பு. மேலே ஏறியதும் குளிர் முகத்தைத் தடவுகிறது. பலா, புளி, கடுக்காய் மரங்கள். இடையிடையே சாமை விளையும் கொல்லைகள். பீமன் அருவியில் நீராடினோம். கரடி உண்டு, புள்ளிமான் உண்டு, மயில் உண்டு. எங்கள் கண்ணுக்கு அகப்பட்டது மயில் மட்டுமே. கரடி எங்களைக் காணாமற் போனதற்காக நாங்கள் வருந்தவில்லை!

சந்தனத்தைத் தேடினோம். இந்த மலையின் புகழே சந்தனம் அல்லவா? திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கு இருந்ததற்கே இந்த மலைதானே காரணம்? தேடித் தேடிக் கண்டது இளங்கன்றுகள் சில. வயிரம் பாய்ந்த பெருமரங்கள் போய்விட்டன. ஒரு காலத்தில் சொந்த நிலத்தில் முளைத்தாலும் சந்தனமரம் அரசின் உடைமையாக இருந்தது. தன் கொல்லையில் முளைக்கும் மரத்தால் தனக்குப் பயனில்லை, தொல்லை மட்டுமே உண்டு என்றால், உழவன் அதை எதற்காகக் காப்பான்? சட்டம் பின்னர் மாறியது. ஆனால் மணம் அதற்குள் மலையைவிட்டுப் போய்விட்டது.

அங்கேதான் அந்தப் பெரியவரைக் கண்டோம். மலையாளி வகுப்பைச் சேர்ந்தவர். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். அவர்கள் பேசுவது நல்ல தமிழ். பழங்குடியினர் பட்டியலில் இடம்பெற்ற மக்கள். மழை வந்தது, எங்களைத் தம் குடிசைக்கு அழைத்தார். சாமைச் சோறும் புளிக்குழம்பும் இட்டார்; தேன் கொணர்ந்து வைத்தார். பணம் நீட்டினோம். "சோத்துக்கு யாராவது காசு வாங்குவாங்களா, தம்பி?" என்றார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கூத்தன் சொன்னது பொய்யில்லை!

மழை விட்டதும், ஊரோரத்து மரத்தடியைக் காட்டினார். பிள்ளையார் என்று சொல்லி வணங்கும் கற்கள் சில அங்கே இருந்தன. குனிந்து பார்த்தோம். உள்ளங்கையளவு, ஒரு முனை கூராக, வழவழப்பாகத் தேய்த்த கற்கள். கைக்கோடரிகள்! இரும்பு அறியாத புதிய கற்கால மாந்தன், கல்லில் கல்லைத் தேய்த்துச் செய்த கருவிகள். இத்தகைய கருவிகள் இம்மலையூர்களில் தெய்வமாக வைக்கப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் முன்னரே எடுத்துக்காட்டியிருக்கின்றனர். திருப்பத்தூருக்கு அருகே பையம்பள்ளியில் 1960களில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது வெளிப்பட்டதும் அதே புதிய கற்கால வாழ்வே.

பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடி, ஒரு பக்கம் வட்டத்துளை விட்ட கற்திட்டைகளும் இம்மலையில் உண்டு. "குள்ளர்கள் வாழ்ந்த வீடு" என்பது ஊர்வழக்கு. இறந்தோர் நினைவாகப் பெருங்கற்கால மக்கள் எழுப்பியவை அவை. குள்ளர் கட்டியவையல்ல; நம்மைப்போன்ற உயரமும், நம்மைப்போன்ற துயரமும் கொண்டோர் கட்டியவை.

கோடரி என்று சொன்னபோது பெரியவர் சினக்கவில்லை. கையில் எடுத்துப் பார்த்தார். "எங்க முப்பாட்டன் வெச்சிருந்த ஆயுதமா இது?" என்று கேட்டார். ஆம் என்றோம். "அப்போ சரிதான், கும்பிட வேண்டியதுதான்" என்றார். நாங்கள் வாயடைத்துப் போனோம். அறியாமையை அகற்ற வந்ததாக எண்ணியிருந்தோம். உழைத்த முன்னோனை மதிக்கும் அறிவு அங்கே முன்னரே இருந்தது! கல்லுக்கு அருள் உண்டு என்பதை நாங்கள் இன்றும் ஏற்கவில்லை. கல்லைக் கூராக்கிய கைக்குப் பெருமை உண்டு என்பதை அன்று அவரிடமிருந்து கற்றோம்.

நடுகல்லின் பொருளும் அதுதானே? செங்கம் பகுதியின் நடுகற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தொகுத்து 1972-இல் நூலாக வெளியிட்டது. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரை காக்கும் போரில் மாண்ட கருந்தேவகத்தி என்ற வீரனின் உருவம் அதில் இருக்கிறது. அருகே அவன் நாயின் உருவமும் இருக்கிறது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர். தலைவன் வீழ்ந்தபின் கள்வரைக் கடித்து நின்றது. நாய்க்கும் நன்றிக்கல் நட்ட நாடு இது! மன்னர்க்கு மட்டுமே வரலாறு என்ற எண்ணத்தை, ஒரு நாயின் உருவம் நின்று மறுக்கிறது.

இரவு வந்தது. வானம் கவிழ்த்த கருங்கலத்தில் விண்மீன்கள் கொட்டிக் கிடந்தன. இந்த இருளைத் தேடித்தான் வானியலறிஞர் வைணு பாப்பு இம்மலைக்கு வந்தார். இந்த நிலநடுக்கோட்டு அண்மையிலிருந்து வடவானையும் காணலாம், தென்வானின் பெரும்பகுதியையும் காணலாம். 1960களின் பிற்பகுதியில் காவலூரில் சிறு தொலைநோக்கியோடு பணி தொடங்கிற்று. 1972-இல் 102 செண்டிமீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று, யுரேனசு கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது உற்று நோக்கி, அக்கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்குச் சான்று தந்த ஆய்வகங்களுள் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் பெருந்தொலைநோக்கியை உருவாக்க உழைத்த பாப்பு, அது நிறைவேறுமுன் 1982-இல் மறைந்தார்; 1986-இல் அது திறக்கப்பட்டு அவர் பெயரைத் தாங்கிற்று. 1988-இல் இங்கிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்கு நம் கணிதமேதை இராமானுசத்தின் பெயர் சூட்டப்பட்டது.

மறுநாள் அந்த வெண்கவிகையை வெளியில் நின்று கண்டோம். சாதகக் கட்டத்தில் கோள்களை அடைத்து வைத்துக் காசு பறிக்கும் நாட்டில், கோள்களைத் தேடிக் கண்விழித்திருக்கும் ஒரு மலை! வழிகாட்டி எழுதுவோருக்கு இதைவிட என்ன வேண்டும்? பெருமிதம் பொங்கிற்று. அந்தப் பெருமிதத்தோடு, முதல்நாள் இரவு பெரியவரிடம், "ஐயா, இனி இங்கே நிறையப் பேர் வருவார்கள், நல்ல சாலை வரும், விடுதி வரும்" என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

அதற்கு அவர் சொன்ன மறுமொழியும் நினைவுக்கு வந்தது. "சாலை வரட்டும் தம்பி. யாருக்கு வருது? பார்க்க வர்றவங்களுக்கா, இங்கேயே கெடக்கறவங்களுக்கா?"

அந்தக் கேள்வியின் பின்னே இருப்பது வெறும் சொல்லன்று. 2023 மே திங்களில், இதே மலைத்தொடரில், வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் ஒரு பச்சிளங்குழந்தையைப் பாம்பு தீண்டிற்று. தக்க சாலை இல்லை. மருத்துவமனை சேருமுன் உயிர் போயிற்று. திரும்பும்போதும் வண்டி முழுவழியும் செல்லவில்லை. இறந்த குழந்தையைத் தாய் கையில் ஏந்தி மலையேறி நடந்தாள். நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. பிறகு வேறு படங்களைப் பார்க்கத் தொடங்கிற்று.

பாம்புக்கடிக்கு மருந்து இல்லாத நாடா இது? நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் எனும் நான்கின் நஞ்சுக்கும் முறிமருந்து நம்மிடம் உண்டு. அதற்கு வேண்டிய நஞ்சைத் திரட்டித் தருவோருள் முதன்மையானவர்கள் நம் இருளர் மக்கள். 1978-இல் அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கமே அமைந்தது. மந்திரக்கல்லை நம்பாதே, மருத்துவமனைக்குப் போ என்று மேடையில் முழங்குகிறோம். முழங்க வேண்டியதுதான். ஆனால், போவதற்கு வழியில்லாதவனிடம் அதைச் சொல்லும் நாக்கு கூசவேண்டாமா? மருத்துவமனை பத்துக் கல்லுக்கு அப்பாலும் மந்திரவாதி பக்கத்து வீட்டிலும் இருக்கும்வரை, மூடநம்பிக்கைக்குக் காரணம் அறியாமை மட்டும்தானா?

இன்னொன்றும் உண்டு. 2015 ஏப்ரல் 7. ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில், செம்மரம் வெட்டியோர் என்று கூறி, அம்மாநிலத்துத் தனிப்படைக் காவலர் 20 தமிழரைச் சுட்டுக் கொன்றனர். மாண்டோரில் பலர், சவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்த ஏழை மக்கள். மரம் கடத்திப் பொருள் குவித்தோர் மாளிகையில் இருந்தனர். கூலிக்குக் கோடரி பிடித்தவன் காட்டில் கிடந்தான். கல்லைக் கோடரியாக்கிய முன்னோனின் வழிவந்தவன், கூலிக்கோடரி ஏந்திப் போய் மாண்டான்! தன் மலையில் விளைவது தன் வயிற்றுக்குப் போதுமென்றால், அவன் அடுத்த மாநிலத்துக் காட்டுக்கு ஏன் போகிறான்?

ஆக, எங்கள் மலையில் இருவகைப் பயணிகள் உளர். களிக்க மேலே ஏறுவோர் ஒரு வகை. பிழைக்கக் கீழே இறங்குவோர் மற்றொரு வகை. நாங்கள் முதல் வகைக்கு மட்டுமே வழிகாட்டி எழுதியிருந்தோம்!

உலகம் முழுதும் இந்தத் தவறு நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1872-இல் யெல்லோசுடோன் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. விலங்கைக் காத்தார்கள், வெந்நீர் ஊற்றைக் காத்தார்கள். அங்கே பல்லாயிரம் ஆண்டு வேட்டையாடி வாழ்ந்த பழங்குடியினரையோ விலக்கினார்கள். ஆளில்லாக் காடு என்று படம் காட்டினார்கள். ஆளை வெளியேற்றிய பிறகு எடுத்த படம் அது. நம் நாட்டில் 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டில் வழிவழி வாழ்வோரின் நிலத்துக்கும், காட்டு விளைபொருளுக்கும் அது உரிமை கூறுகிறது. அந்த உரிமையை முழுதாகக் கையில் சேர்ப்பது, விழாப்பந்தல் போடுவதைவிட முந்திய வேலை அல்லவா?

வீடு திரும்பி, பழைய கட்டுரையைக் கிழித்தோம். புதிதாக எழுதினோம். அழகை விட்டுவிடவில்லை. அருவி இருக்கிறது, மயில் இருக்கிறது, விண்மீன் இருக்கிறது. வாருங்கள் என்ற அழைப்பும் இருக்கிறது. ஆனால், கூத்தனிடம் கற்றபடி, வழியின் வழுக்கலையும் எழுதினோம். தேனையும் சாமையையும் விளைத்தவரிடமே, கேட்ட விலைக்கே வாங்குங்கள். அருவியில் குளித்துக் கண்ணாடிப் புட்டியை உடைத்துவிட்டுப் போகாதீர்கள். வெறுங்காலோடு நடக்கும் குழந்தைகள் அங்கே உண்டு. மலையில் பார்த்த குறையை ஊரில் வந்து உரக்கச் சொல்லுங்கள். மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள். இவற்றைச் சேர்த்தோம்.

முதியவரிடம் கொடுத்தோம். படித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. "இன்னும் ஒன்று குறைகிறது" என்றார்.

"என்ன ஐயா?"

"எழுதிவிட்டால் தீர்ந்ததா?"

தீரவில்லை. அதனால்தான் அந்தப் பெரியவரின் ஊருக்கு வேண்டிய சாலைக்காக, ஊரார் கைநாட்டும் கையொப்பமும் இட்ட விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அலுவலகப் படி ஏறி வருகிறோம். ஒருமுறை போனோம், அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அடுத்த வாரமும் போவோம். வழி பிரியும் இடத்தில் புல்லை முடிந்து வைக்கச் சொன்னான் அந்தக் கூத்தன், பின்னால் வருவோர் திகைக்காமலிருக்க. எங்களால் முடிந்தது இந்த ஒரு முடிச்சு. அடுத்த முடிச்சை, அவரவர் மலையடியில், அவரவர் ஊர்க்கோடியில் போடவேண்டியவர்கள், இதைப் படிக்கும் நீங்கள்!